இறங்கியதா, இறக்கியதா?

வினைச்சொற்களைத் தன்வினை, பிறவினை எனப் பகுத்தறிதல் இலக்கணம் பயிலும் மாணவர்க்குத் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. இறங்குதல் தன்வினை, இறக்குதல் பிறவினை. முன்னதிலே தொழிலைச் செய்வதும் அதன் பயனை எய்துவதும் ஒன்றே. பின்னதிலே ஒன்று செய்ய மற்றொன்று பயனை எய்துகின்றது. மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரியும் இச்சிறு வேறுபாடு வகுப்பறையோடு முடிந்துவிடுவதன்று. காலையிற் புறப்பட வேண்டிய மோட்டார் வண்டி அசையாது நிற்க, "பற்றரி இறங்கிவிட்டது" என்று நாம் கூறும்போது, அவ்வேறுபாடு நம் பணத்தையும், சில வேளைகளிற் பிறர் பெயரையும் தொடுவதாகிவிடுகின்றது.

"பற்றரி இறங்கிவிட்டது" என்னும் வாக்கியத்தில் எழுவாய் பற்றரி. ஆதலின் குற்றமும் அதன் தலையிலேயே விழுகின்றது. கடைக்குப் போகின்றோம், புதிய பற்றரி வாங்குகின்றோம், பூட்டுகின்றோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வண்டி மீண்டும் ஊமையாகி நிற்கின்றது. அப்பொழுதாயினும் வாக்கியத்தை மாற்றிக் கேட்டல் வேண்டும். பற்றரி தானே இறங்கியதா? வேறொன்று அதனை இறக்கியதா? இறக்கியதெனின் அவ்வினைக்கு எழுவாய் யாது? இவ்வினாவைக் கேளாதவர் இருவகையாலே கெடுகின்றனர். ஒன்று, பற்றரிமேற் பற்றரியாக வாங்கிப் பொருளிழத்தல். மற்றொன்று, தோன்றாத எழுவாய்க்குப் பதிலாகக் கண்ணெதிரே தோன்றும் ஒரு மனிதனை எழுவாயாக நிறுத்திவிடுதல். இரண்டாவது முதலாவதினும் கொடிது.

இங்ஙனம் நிகழ்ந்த ஒன்றை யான் அருகிருந்து கண்டேன். என்னோடு கற்பிக்கும் கணித ஆசிரியர் ஒருவரிடம் முப்பது ஆண்டுப் பழமையுடைய யப்பானிய வண்டி ஒன்று உண்டு. அஃது ஒரு திங்கட்கிழமை காலையில் இயங்க மறுத்தது. பற்றரி பழையது என்று கருதிப் புதியது வாங்கினார். இரண்டு வாரம் கழியுமுன் மற்றொரு திங்கட்கிழமை அதே நிலை. அயலிலுள்ள கராச் ஒன்றில் வேலை பழகும் இளைஞன் வந்து, அப்பற்றரியைக் கழற்றிக்கொண்டுபோய் மின்னேற்றிக் கொணர்ந்து பூட்டினான். அடுத்த திங்களும் வண்டி நின்றது. இப்போது ஆசிரியரின் உள்ளத்தில் ஓர் ஐயம் புகுந்தது. "புதியதை எடுத்துக்கொண்டு, அதே பெயருள்ள பழையதொன்றைப் பூட்டிவிட்டான்" என்றார். இருவரிடம் சொன்னது இருபது பேர் செவிக்கு எட்டிற்று. கராச் உரிமையாளர், இவ்விடயம் தீரும்வரை வேலைக்கு வரவேண்டா என இளைஞனுக்குச் சொல்லிவிட்டார். அவன் எங்கள் மாணவனாய் இருந்தவன். தந்தையில்லாத வீட்டில் அவன் கூலியே உலைக்கு அரிசி.

அவன் சண்டையிடவில்லை, அழவும் இல்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரவலாகப் பெற்ற மீற்றர் ஒன்றோடு ஆசிரியரின் வாயிலில் வந்து நின்றான். "சேர், நான் மாத்தினனோ இல்லையோ எண்டு வாயாலை சொல்லி என்ன பிரியோசனம்? ஒருக்கா அளந்து பாப்பம்" என்றான். அவன் அளந்த முறையினையே இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றேன். அதற்கு முன் பற்றரி என்பது யாதென்று சிறிது காண்போம்.

ஈயத்தகடும், ஈயவீரொட்சைட்டுப் பூசிய தகடும் ஐதான சல்பூரிக்கமிலத்தில் தோய்ந்து நிற்பின் அஃது ஒரு மின்கலம். அதன் அழுத்தம் இரண்டு வோல்ற்றுக்குச் சிறிது மேற்பட்டது. அத்தகைய ஆறு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுக்கப்பெற்றதே நம் வண்டிகளின் பற்றரி. மின் வெளியேறும்போது இருவகைத் தகடுகளும் ஈயச்சல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் நீர்த்துப் போகின்றது. மின்னை ஏற்றும்போது அம்மாற்றம் தலைகீழாய்த் திரும்புகின்றது. இக்கலத்தைப் பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்ரன் பிளாந்தே 1859 ஆம் ஆண்டில் ஆக்கினார். ஈயச் சேர்வையைப் பசையாக்கித் தகட்டிற் பூசும் முறையை 1881 ஆம் ஆண்டில் கமில் போர் என்பவர் கொணர்ந்தார். முன்னாளில் வண்டியின் முன்னே நின்று இரும்புக் கைபிடியைச் சுழற்றி இயந்திரத்தை எழுப்புவர். அமெரிக்கரான சாள்சு கெற்றரிங் ஆக்கிய மின்தொடக்கி 1912 ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளிற் பூட்டப்பட்டது. அன்று தொடங்கி வண்டியின் முதல் அசைவு பற்றரியின் பொறுப்பாயிற்று.

அப்பொறுப்பு எளியதன்று. தொடக்கி மோட்டார் சுழலும் இரண்டொரு நொடிகளில் நூறு அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் பாயும். அத்துணை வலிய ஓட்டத்தைச் சிறிது நேரம் வழங்குதற்பொருட்டு வண்டிப் பற்றரியின் தகடுகள் மெல்லியனவாகவும் பலவாகவும் அமைக்கப்படுகின்றன. ஓடுவதிலே வல்ல குதிரை சுமை தாங்குவதில் வல்லதன்று. அதுபோல இப்பற்றரி நெடுநேரம் சிறிது சிறிதாக அடிவரை வற்றுவதைத் தாங்காது. பலமுறை வற்றினால், வற்றிய நிலையிலேயே கிடந்தால், தகடுகளின்மேற் சல்பேற்றுப் பளிங்கு இறுகிப் படிகின்றது. பின்னர் எவ்வளவு ஏற்றினும் அது முழுமையாகக் கரைவதில்லை. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மறைவாக மின்னை உறிஞ்சும் ஒன்று பற்றரியைக் கெடுக்கின்றது. கெட்ட பற்றரியைச் சோதித்த கடைக்காரர் "பற்றரி பழுது" என்கின்றார். அவர் சொல்வது பொய்யன்று. ஆயினும் பழுதாக்கியது எது என்னும் வினா அங்கே புதைக்கப்படுகின்றது. கொலையுண்டவனையே குற்றவாளி என எழுதி வழக்கை முடிப்பது போன்றது அது.

இவ்விடயம் இன்று நம் நாட்டினர் பலர்க்கும் உரியது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் இன்றி வண்டிகள் முற்றத்தில் வாரக்கணக்காய்க் கிடந்தன. வெளிநாட்டு உறவினர் விடுமுறைக்கு வந்து ஓட்டுதற்கென வைத்துள்ள வண்டிகள் மாதக்கணக்காய்த் துணிபோர்த்து நிற்றலும் யாழ்ப்பாணத்தில் அரிதன்று. நிற்கின்ற வண்டி ஒன்றும் செய்யவில்லை என்றே நாம் எண்ணுகின்றோம். அஃது உண்மையன்று. சாவியை எடுத்த பின்னரும் மணிக்கூடு ஓடுகின்றது. வானொலி தன் நிலையங்களை நினைவில் வைத்திருக்கின்றது. திருட்டுத் தடுப்பு மணி விழித்திருக்கின்றது. கணிப்பொறிச் சிற்றறைகள் அரைத்துயிலில் ஆழ்ந்திருக்கின்றன.

இவ்வியல்பான செலவு பெரும்பான்மை வண்டிகளில் ஓர் அம்பியரின் ஆயிரத்திலொரு கூறுகள் இருபது முதல் ஐம்பது வரையில் அமையும். அக்கூற்றை மில்லியம்பியர் என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். முப்பது மில்லியம்பியர் இடைவிடாது செல்லின், ஒரு நாளில் வெளியேறுவது 0.72 அம்பியர்மணி. நாற்பது அம்பியர்மணிப் பற்றரி ஒன்று பாதியாகக் குறைய நான்கு வாரம் ஆகும். இதனோடு பற்றரி தன்னுள்ளே தானே சிறிது இழப்பதும் சேரும். நம் வெப்பத்தில் அவ்விழப்பு மிகும். ஆகவே ஒரு மாதத்துக்கு மேலாகக் கிடந்த வண்டி இயங்கவில்லையெனின் அது நோயன்று, பட்டினி. மாதம் முழுதும் நிற்கப்போகும் வண்டிக்கு மறை முனையைக் கழற்றி வைப்பதோ, இடையிடையே மின்னேற்றுவதோ போதிய மருந்து. மூன்று நாளில் இறங்குவதே நோய். இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதல் முதற்படி.

இனி இளைஞன் செய்ததைக் காண்போம். சைவ நூல்கள் பொருளை அறியுங் கருவியை அளவை என்று கூறும். அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார், பிறர் பத்தாக விரித்த அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்குவது கற்றோர் அறிந்ததே. அப்பையன் அந்நூலைக் கண்டவனல்லன். ஆயினும் அவன் கை அந்நெறியிலேயே நடந்தது.

நோய்க்கு இடமாகக் கூடியவை மூன்று என்றான் அவன். பற்றரி மின்னைத் தாங்காதிருக்கலாம். ஓடும்போது மின் ஏறாதிருக்கலாம். நிற்கும்போது மின் ஒழுகலாம். மூன்றையும் வெவ்வேறாகச் சோதித்தல் வேண்டும். முதலிற் பற்றரியை முழுதும் மின்னேற்றி, வண்டியினின்றும் கழற்றி, ஆசிரியரின் வீட்டுக்குள்ளேயே இரவு முழுதும் வைக்கச் செய்தான். தன் கையில் வைத்திருக்க அவன் இசையவில்லை. ஏற்றிய உடனே அளந்தால் அழுத்தம் மிகையாகக் காட்டும். சில மணிநேரம் ஓய்ந்த பின்னரே மெய்யளவு தெரியும் என்றான். நல்ல பற்றரி நிறைந்து ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ற்று அளவிற் காட்டும். 12.2 எனின் ஏறத்தாழப் பாதி. 12 எனின் பெரும்பகுதி போயிற்று எனக் கொள்க. மறுநாட் காலையில் மீற்றர் காட்டியது 12.63. கராச்சில் உள்ள சுமைச் சோதனைக் கருவியும் வலிமை குன்றவில்லை என்றே கூறிற்று. பழையதொன்றாயின் அங்ஙனம் நில்லாது. பற்றரி குற்றமற்றது, ஆகவே அவனும் குற்றமற்றவன். அத்துணையோடு நிறுத்திவிட்டு அவன் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

இரண்டாவதாகப் பற்றரியைப் பூட்டி இயந்திரத்தை ஓடவிட்டு முனைகளின் குறுக்கே அளந்தான். 14.1 வோல்ற்று. ஓடும் வண்டியின் மின்னாக்கி, அதாவது ஒல்ரனேற்றர், 13.8 முதல் 14.7 வரையில் வழங்குமாயின் நன்று. புதிய வண்டிகள் சிலவற்றில் கணிப்பொறி இவ்வளவை வேண்டியவாறு ஏற்றியும் இறக்கியும் வைக்கும். அங்கே ஒரு முறை பார்த்து முடிவுசெய்தல் ஆகாது. இவ்வண்டி அத்தகையதன்று. முனைகளிற் பச்சை பூத்திருக்கின்றதா, கவ்விகள் தளர்ந்துள்ளனவா என்பதையும் பார்த்தான். பற்றரியின் மேற்புறத்து ஈரமும் அழுக்கும் கூட இரு முனைகளுக்கிடையே சிறிதளவு மின்னைக் கடத்தும் என்று கூறித் துணியால் துடைத்தான். ஏற்றத்திலும் பிழையில்லை. எஞ்சியது ஒழுக்கு ஒன்றே.

ஒழுக்கை அளப்பதிலேதான் இத்தொழிலின் நுட்பம் உள்ளது. நாம் தேடுவது வண்டி பூட்டப்பெற்று, ஆளின்றி, உறங்கும் வேளையில் நிகழ்வது. அதைக் காணவேண்டிக் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிகின்றது. புதிய வண்டியெனின் கணிப்பொறிகள் எல்லாம் விழித்தெழுகின்றன. அப்போது அளக்கும் மின்னோட்டம் நோயின் அளவன்று. விருந்தினரைக் கண்டு வீடு பரபரக்கும் அளவு. ஆதலின் உறங்குபவனை எழுப்பாமல் அவன் மூச்சை எண்ணுவதுபோல அளத்தல் வேண்டும். இளைஞன் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கதவுகளைச் சாத்தினான், உள்ளே கைநீட்டிப் பியூஸ் பெட்டியின் மூடியை முன்னரே கழற்றி வைத்தான், டிக்கியையும் மூடினான், சாவியை எடுத்துத் தொலைவில் வைக்கச் சொன்னான். பின்னர் மறை முனைக்கும் அதன் கவ்விக்கும் இடையே மீற்றரைத் தொடராக இணைத்தான். இணைப்பு அறாதவாறு, மீற்றரின் கம்பிகள் இரண்டும் பற்றிய பின்னரே கவ்வியை மெல்ல உயர்த்தினான். இணைப்பு ஒருகணம் அறுந்தாலும் உறங்கிய பொறிகள் விழித்துவிடும் என்பது அதன் காரணம்.

"இனிக் காத்திருக்க வேணும்" என்றான். பழைய வண்டிக்குச் சில நிமிடமே போதும். புதியவை முற்றும் துயில அரைமணி, சிலவற்றுக்கு ஒருமணி நேரமும் ஆகும். அவன் அரைமணி காத்திருந்தான். ஆசிரியரும் யானும் வேம்பின் நிழலில் அமர்ந்திருந்தோம். ஒருவரும் பேசவில்லை. மீற்றர் 0.42 அம்பியர் காட்டி அசையாது நின்றது.

கணித ஆசிரியர்க்கு அவ்வெண் ஒன்றே போதுமானதாயிற்று. ஒரு நாளில் பத்து அம்பியர்மணி. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நிறுத்திய வண்டி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அறுபத்துமூன்று மணிநேரம் நின்றிருக்கும். பெருக்கினால் இருபத்தாறுக்கு மேல். நாற்பது அம்பியர்மணிப் பற்றரியில் எஞ்சுவது மூன்றிலொரு பங்கு. அதற்குத் தொடக்கியைச் சுழற்றும் வலிமை இராது. வார நாள்களில் இரவுதோறும் ஆறேழு அம்பியர்மணியே போகின்றமையால், பகலோட்டத்தில் ஓரளவு மீண்டும் ஏறி வண்டி எப்படியோ இயங்கியது. திங்கட்கிழமை மட்டும் ஏன் நிற்கின்றது என்னும் புதிருக்கு விடை அவர் நாள்தோறும் கரும்பலகையில் எழுதும் பெருக்கற் கணக்கிலேயே கிடந்தது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

எவ்வளவு என்பது தெரிந்தது. எது என்பது இன்னும் தெரியவில்லை. இளைஞன் கண்ணாடி வழியே கையை நுழைத்துப் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒன்றைக் கழற்றுவான், மீற்றரைப் பார்ப்பான், மாற்றமில்லையெனின் மீண்டும் அவ்விடத்திலேயே பூட்டிவிட்டு அடுத்ததற்குச் செல்வான். ஏழாவதைக் கழற்றியபோது 0.42 சட்டென 0.01 ஆயிற்று. பூட்டினான்; 0.42. கழற்றினான், 0.01. உள்ளபோது உண்டு, இல்லாதபோது இல்லை என உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் நிறுவுவதை அளவை நூலார் அன்னுவயம், வெதிரேகம் என்பர். ஒருமுறை கண்டு அமையாது, மும்முறை கழற்றியும் பூட்டியும் அவன் உறுதிசெய்தான்.

அப்பியூஸ் எவற்றுக்கு மின் வழங்குகின்றது என்பதை வண்டியின் கைந்நூலிற் பார்த்தான். உரையளவைக்கும் அங்கே இடம் இருந்தது. மணிக்கூடு, வானொலியின் நினைவு, உள்விளக்கு, டிக்கி விளக்கு என நான்கு. மணிக்கூடும் வானொலியின் நினைவும் கொள்வன மிகச் சிறியன; இத்துணை மின் அவற்றுக்குச் செல்லாது. உள்விளக்கு எரியவில்லை என்பதைக் கண்ணாடி வழியே கண்டோம். பத்து அளவைகளுள் ஒழிபு என்பதொன்று. ஏனையவற்றை நீக்க எஞ்சியதைத் துணிவது. எஞ்சியது டிக்கி விளக்கு. ஐந்து வாற்று மின்குமிழ் பன்னிரண்டு வோல்ற்றிற் கொள்வது ஏறத்தாழ 0.4 அம்பியர். கணக்கும் பொருந்திற்று.

ஆயின் டிக்கியைத் திறந்து பார்த்தால் என்ன காண்போம்? விளக்கு எரியும். எரியத்தானே வேண்டும்! திறந்தால் எரிவது அதன் கடமை. மூடினால் அணைகின்றதா என்பதை மூடிய பெட்டிக்கு வெளியே நிற்பவர் எங்ஙனம் காண்பது? கண்ணாற் காண்பதையே நம்புவேன் என்பவர் இவ்விடத்தில் வாழ்நாள் முழுதும் ஏமாறுவர். அவ்விளக்கை ஆசிரியர் நூறு முறையாவது பார்த்திருப்பார். பார்த்த ஒவ்வொரு முறையும் அது முறையாகவே எரிந்தது. காட்சி தோற்கும் இடத்திற் கருதலே துணை. இளைஞன் கூறினான்: மூடியிருக்கும்போது விளக்கு அணைந்திருப்பின், திறக்கும்போது மின்னோட்டம் ஏறவேண்டும். திறந்தான். மீற்றர் 0.42 இலேயே நின்றது. ஏறாமையே சான்றாயிற்று. விளக்கின் மூடியை ஆசிரியரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். சுட்டது. மின்குமிழைக் கழற்றியதும் மீற்றர் 0.02 இற்கு இறங்கிற்று.

பூட்டினுள் இருந்த சிற்றாளி ஒன்று உப்புக் காற்றில் துருவேறி, மூடி அழுத்தும்போது நகராது ஒட்டிக்கொண்டிருந்தது. துருவைத் தேய்த்துச் சிறிது எண்ணெய் இட்டதும் அது நகர்ந்தது. இரண்டு பற்றரியின் விலையும் ஒருவன் வேலையும் அவ்விரலளவு இரும்பிலே தொங்கிக்கிடந்தன.

எல்லா வண்டிகளிலும் குற்றவாளி இவ்விளக்கே ஆகாது. அடிக்கடி அகப்படுவோர் சிலரைக் கூறுவேன். உள்ளறைப் பெட்டியின் விளக்கு இதன் உடன்பிறப்பு. மின்வழியைத் திறந்து மூடும் றிலே என்னும் காந்த ஆளியின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளின், அதன் பொறி இரவு பகலாக உயிர்த்திருக்கும். ஒல்ரனேற்றரினுள் மின்னை ஒருவழியே செல்லவிடும் இருவாயி என்னும் உறுப்புப் பழுதானால், வந்த வழியே மின் திரும்பி ஒழுகும். இவ்வழி பெரும்பாலும் சிறு பியூஸ்களினூடே செல்லாமையால், எல்லாவற்றையும் கழற்றியும் மீற்றர் இறங்கவில்லையெனின் முதலில் ஐயுறத்தக்கது இதுவே. பின்னாளிற் பூட்டிய வானொலி, ஒளிப்பதிவுக் கருவி, இடங்காட்டி, திருட்டுத் தடுப்பு மணி ஆகியவற்றை எந்நேரமும் மின்னுள்ள கம்பியோடு தவறாக இணைத்திருத்தலும் பெருவழக்கு. மழைநீர் புகுந்த இணைப்புப் பெட்டியும் ஒரு காரணம். சாவி நுழைக்காது இயங்கும் வண்டிகளிற் சாவியை அருகிலேயே தொங்கவிடின், சில வண்டிகள் அதனோடு உரையாடிக்கொண்டு உறங்காதிருக்கும்.

புதிய வண்டிகளிற் பியூஸைக் கழற்றிப் பூட்டுதலே பொறிகளை எழுப்பிவிடும். ஆதலின் அவற்றைக் கழற்றாமல், பியூஸின் தலையிலுள்ள இரு சிறு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லிவோல்ற்று அளவைப் பார்ப்பது இக்கால முறை. மின் செல்லாத பியூஸில் அழுத்த வேறுபாடு இராது. செல்வதில் மிகச் சிறிதாயினும் தோன்றும். கலப்பு மின்வண்டிகளிலும் பன்னிரண்டு வோல்ற்றுச் சிறு பற்றரி ஒன்று உண்டு. கணிப்பொறிகளை எழுப்புவது அதுவே. அஃது இறங்கினால், பெரிய பற்றரி நிறைந்திருந்தும் வண்டி அசையாது. அதனைச் சோதிப்போர் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடுதல் ஆகாது. அவற்றிற் செல்வது உயிர் கவரும் மின்.

தாமே அளக்க விரும்பும் மாணவர்க்கு மூன்று எச்சரிக்கைகள். கழற்றும்போது மறை முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் தொடுக. இல்லையேல் திறப்பு வண்டியின் உடலிற்பட்டுத் தீப்பொறி பறக்கும். மின்னேறும் பற்றரி ஐதரசன் வாயுவை வெளியிடும். அருகில் நெருப்பு ஆகாது. மீற்றர் தொடராக இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பி இயந்திரத்தை எழுப்ப முயலற்க. பத்து அம்பியருக்கென அமைந்த கருவி நூறு அம்பியரைத் தாங்காது.

இனி, இவற்றையெல்லாம் ஒரு தமிழாசிரியன் எழுதப் புகுந்தது ஏன் என்று கேட்போர் இருப்பர். அளவையியலைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கற்பித்து வருகின்றோம். மாணவர் பத்து அளவையின் பெயரையும் பிழையின்றி ஒப்புவிப்பர். அவருள் எத்தனை பேர், ஒருவனைக் கள்வன் என்று சொல்லுமுன் ஒழிபளவையாற் பிறவற்றை நீக்கிப் பார்ப்பர்? அளவாத வாய் விரைந்து தீர்ப்புக் கூறும். அளப்பவன் அரைமணி காத்திருப்பான். அக்காத்திருத்தலைப் பழக்குவதே கல்வியின் பயன்களுட் சிறந்தது என யான் கருதுகின்றேன். பெயர் சொல்லும் கல்வி வேறு. பயன்படுத்தும் கல்வி வேறு. எங்கள் வகுப்பில் இலக்கணத்தில் நாற்பது புள்ளியைத் தாண்டாத ஒருவன், தன்மேல் விழுந்த பழியையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு, சினமின்றி, படிமுறை பிழையாது, அதன் எழுவாயைக் கண்டுபிடித்தான்.

அன்று மாலை கணித ஆசிரியர் அவனோடு கராச்சுக்கு நடந்தே சென்றார். வண்டி இயங்கும் நிலையில் இருந்தும் நடந்தே சென்றார். உரிமையாளர் முன்னும், அங்கு நின்ற ஏனையோர் முன்னும், "தம்பியிலை ஒரு பிழையும் இல்லை, நான் சொன்னது பொய்" என்றார். சொன்ன இருபது செவிகளையும் அவர் மீண்டும் தேடிச்செல்ல ஒருவாரம் ஆயிற்று. பழியை ஏற்றுவது நொடியில் நிகழ்வது. அதனை இறக்குதல் வீடு வீடாகச் செய்யவேண்டிய தொழில்.